சைக்கிளுக்கு வழி பிறந்த கதை

நெதர்லாந்து என்றதும் காற்றாலைகள், கால்வாய்கள், டூலிப் மலர்கள் ஆகியவற்றோடு சைக்கிளும் நம் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தச் சிறிய நாட்டில், மக்களின் தொகையைவிடச் சைக்கிள்களின் தொகை அதிகம். பள்ளிக் குழந்தைகளும் சைக்கிளில் செல்கிறார்கள். எழுபது வயது முதியவர்களும் சைக்கிளில் செல்கிறார்கள். பிரதமராக இருந்தவரே அலுவலகத்துக்குச் சைக்கிளில் சென்றதுண்டு. இதற்குக் காரணம் கேட்டால், "அது மேடு பள்ளம் இல்லாத நாடு, அந்த மக்களின் பழக்கமும் அப்படி" என்று பலர் சொல்லிவிடுவார்கள்.

இந்த விடை போதாது. 1971 ஆம் ஆண்டிலும் அந்த நாடு சமதளமாகத்தான் இருந்தது. மக்களும் அதே மக்கள்தான். ஆனால் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். நாட்டின் மக்கள் தொகையோ அப்போது 1 கோடியே 30 லட்சம்தான். 2010 ஆம் ஆண்டில் சாலையில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை 14 ஆகக் குறைந்திருந்தது. இந்த நாற்பது ஆண்டுகளில் கார்கள் குறையவில்லை. பல மடங்கு பெருகின. நிலம் மாறவில்லை, கார்களும் குறையவில்லை என்றால், மாறியது எது?

பொறியியல் மாறியது, சட்டம் மாறியது. ஆனால் இவ்விரண்டும் மாறுவதற்கு முன்னால் வேறொன்று மாற வேண்டியிருந்தது. அது சாலையில் நிகழும் சாவைப் பற்றி மக்கள் கொண்டிருந்த எண்ணம். அந்த மாற்றத்தின் வரலாற்றை இங்கே காண்போம்.

ஒரு புள்ளியியல் அறிஞரின் கருத்து

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். அங்கே ஆர். ஜே. ஸ்மீட் என்ற புள்ளியியல் அறிஞர் இருந்தார். இருபது நாடுகளின் சாலை மரணக் கணக்குகளைச் சேகரித்து, ஒவ்வொரு நாட்டின் மக்கள் தொகையோடும் வாகனத் தொகையோடும் அவற்றை ஒப்பிட்டு, 1949-ல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். 'ஸ்மீட் விதி' என்று அது பெயர் பெற்றது. ஒரு நாட்டில் எத்தனை மக்கள், எத்தனை வாகனங்கள் என்பது தெரிந்தால், அங்கே ஆண்டுக்கு எத்தனை பேர் சாலையில் இறப்பார்கள் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம் என்பதே இதன் சாரம்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. நாட்டுக்கு நாடு சாலைகள் வேறு, சட்டங்கள் வேறு, வாகனங்கள் வேறு. அப்படியிருந்தும் மரணக் கணக்கு ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்தது ஏன்? இரண்டாம் உலகப் போரின்போது ஸ்மீடுடன் பணியாற்றிய இயற்பியல் அறிஞர் ஃப்ரீமன் டைசன், ஸ்மீடின் கருத்தைப் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். சாலையில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மக்களின் மனநிலையே என்று ஸ்மீட் கருதினாராம். அதாவது, ஒரு சமுதாயம் எத்தனை மரணங்களைப் பொறுத்துக்கொள்ளுமோ, அத்தனை மரணங்கள் வரைதான் எண்ணிக்கை ஏறும். அதற்கு மேல் போனால் மக்கள் கூச்சலிடுவார்கள், விதிகள் இறுகும், எண்ணிக்கை மீண்டும் பழைய அளவுக்கு இறங்கும்.

கேட்பதற்கு மனம் சோர்ந்த தத்துவம் போலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் இதற்குள் ஒரு நம்பிக்கையும் மறைந்திருக்கிறது. பொறுத்துக்கொள்ளும் எல்லைதான் மரணத்தை முடிவு செய்கிறது என்றால், அந்த எல்லையைக் கீழே இறக்கினால் மரணமும் குறைய வேண்டும். 1970-க்குப் பிறகு தொழில் வளம் பெற்ற நாடுகள் பலவற்றில் இதுவே நடந்தது. வாகனங்கள் பெருகின, மரணங்கள் குறைந்தன, ஸ்மீடின் சமன்பாடு பொய்த்துப் போயிற்று. சைக்கிளில் செல்வோரைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டும் நாடு நெதர்லாந்து.

சைக்கிள் நாடு கார் நாடான விதம்

நெதர்லாந்தில் சைக்கிளோட்டிகளின் சங்கம் 1883-லேயே தோன்றிவிட்டது. ஏ.என்.டபிள்யூ.பி. என்று அதைச் சுருக்கமாக அழைப்பார்கள். 1924-ல் அரசு சைக்கிளுக்கு ஆண்டு வரி விதித்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு சிறு உலோகத் தகட்டைச் சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். இவ்வாறு வந்த பணம் நாட்டின் சாலை நிதிக்கும் உதவியது. இந்த வரி 1941 வரை நீடித்தது. ஆகவே, சாலை போடச் சைக்கிளோட்டிகளும் பணம் கொடுத்தவர்களே என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

போருக்குப் பின் நாடு செழித்தது. 1960-ல் சுமார் 5 லட்சமாக இருந்த கார்களின் எண்ணிக்கை 1970-ல் 24 லட்சத்தைத் தாண்டியது. பத்தே ஆண்டுகளில் ஐந்து மடங்கு ஏறத்தாழப் பெருகிற்று. தெருவோரங்களும் நகரச் சதுக்கங்களும் கார் நிறுத்தும் இடங்களாக மாறின. சைக்கிளோட்டிகளின் சங்கமாகப் பிறந்த ஏ.என்.டபிள்யூ.பி.யே காரோட்டிகளின் சங்கமாக உருமாறிவிட்டது. சைக்கிள் ஏழைகளின் வண்டி, பழைய காலத்து வண்டி, இன்னும் சில ஆண்டுகளில் மறைந்துவிடும் வண்டி என்று திட்டம் தீட்டுவோர் எண்ணினார்கள்.

1967-ல் டேவிட் ஜோகினென் என்ற அமெரிக்கத் திட்ட வல்லுநர் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு ஒரு திட்டத்தை முன்வைத்தார். கால்வாய் ஒன்றைத் தூர்த்து அதன்மேல் அகலமான விரைவுச் சாலை போட வேண்டும். அதையொட்டிய தொழிலாளர் குடியிருப்புகளை இடிக்க வேண்டும் என்பது அந்தத் திட்டம். அது நிறைவேறவில்லை. எனினும் அந்தக் காலத்து மனப்போக்கை அறிய அது நல்ல சான்று. நகரம் காருக்காக மாற வேண்டும் என்பதே அன்றைய பொதுக் கருத்து.

எதிர்க்குரலே இல்லை என்று சொல்ல முடியாது. 1965-ல் 'புரோவோ' என்னும் இளைஞர் குழுவினர், நகரெங்கும் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டக்கூடிய வெள்ளை நிறச் சைக்கிள்களை வைக்கலாம் என்று யோசனை கூறினார்கள். லூட் ஸ்கிம்மெல்பெனிங்க் என்பவர் வகுத்த யோசனை அது. அன்று அதை வேடிக்கையாகக் கருதியோரே பலர். பொதுமக்களின் மனம் இன்னும் திரும்பவில்லை.

'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'

ஒரு குழந்தை சாலையில் அடிபட்டு இறந்தால் என்ன சொல்வது வழக்கம்? "குழந்தை கவனமில்லாமல் ஓடிவிட்டது", "பெற்றோர் பார்த்துக்கொள்ளவில்லை", "விதி". இந்த மூன்று விடைகளிலும் சாலைக்குப் பங்கில்லை, வேகத்துக்கும் பங்கில்லை. நெதர்லாந்து மக்களும் அன்று இப்படித்தான் பேசினார்கள்.

விக் லாங்கன்ஹோஃப் என்பவர் அங்கே ஒரு பத்திரிகையாளர். அவருடைய சிறு மகள் சாலை விபத்தில் மாண்டாள். 1972 செப்டம்பரில் அவர் தம் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'. நாள்தோறும் சாலையில் குழந்தைகள் சாவதை நாடு மரத்துப் போன மனத்தோடு ஏற்றுக்கொள்கிறது. இந்த உணர்ச்சியற்ற நிலையைத் தகர்க்கப் பெற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்பது அவர் வேண்டுகோள்.

'விபத்து' என்ற சொல்லுக்குப் பதில் 'கொலை' என்ற சொல்லை அவர் வைத்ததைக் கவனிக்க வேண்டும். விபத்து என்றால் யாரும் பொறுப்பில்லை. கொலை என்றால் யாரோ பொறுப்பு. இந்த ஒரு சொல் மாற்றம் நாட்டை உலுக்கியது. அதே பெயரில் ஓர் இயக்கம் தோன்றிற்று. அதன் முதல் தலைவியாக மார்ட்யே ஃபான் புட்டன் என்ற இளம்பெண் விளங்கினார். பிற்காலத்தில் இவர் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஆனார். இயக்கத்தினர் விபத்து நடந்த இடங்களை மறித்தார்கள். ஒரு நாள் மட்டும் கார் வராமல் தெருவை அடைத்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். பிரதமர் யோப் டென் ஆய்ல் வீட்டுக்குச் சைக்கிள்களில் சென்று, பாட்டுப் பாடிப் பாதுகாப்பான தெரு கேட்டார்கள். பிரதமர் வெளியே வந்து அவர்கள் சொன்னதைக் கேட்டார். நாளடைவில் அரசே அந்த இயக்கத்துக்கு உதவித் தொகையும் அளித்தது.

அதே 1972-ல் ஆம்ஸ்டர்டாமின் டெ பெய்ப் என்ற நெருக்கமான பகுதியில் வாழ்ந்த பள்ளிக் குழந்தைகளைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு படம் ஒளிபரப்பாயிற்று. விளையாட இடமில்லை, தெரு முழுவதும் கார்கள். குழந்தைகள் தாங்களே தெருவை அடைத்து நிற்கிறார்கள். கோபம் கொண்ட காரோட்டி ஒருவர் தடுப்பை இழுத்து எறிகிறார். வீட்டில் அமர்ந்து இதைக் கண்ட மக்கள், தெரு யாருக்கு உரியது என்று எண்ணத் தொடங்கினார்கள்.

1975-ல் சைக்கிளோட்டிகள் புதிய சங்கம் ஒன்றை நிறுவினார்கள். பழைய சங்கம் கார்ச் சங்கமாகிவிட்டதைக் குத்திக்காட்டும் வகையில், தங்கள் சங்கத்துக்கு 'உண்மையான நெதர்லாந்து சைக்கிளோட்டிகள் சங்கம்' என்று பெயரிட்டார்கள். நாளடைவில் அது நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது. எந்தத் தெருவில், எந்த முனையில், என்ன ஆபத்து என்று உறுப்பினர்களே குறித்துக் கொடுத்தார்கள். உணர்ச்சியோடு தகவலும் சேர்ந்ததால் அவர்கள் குரலுக்கு நகராட்சிகளில் மதிப்பு ஏற்பட்டது.

எண்ணெய் நெருக்கடி

மக்கள் மனம் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியிலிருந்து ஓர் அதிர்ச்சி வந்தது. 1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆதரவு காட்டிய நாடுகளுக்கு எண்ணெய் தருவதை அரபு நாடுகள் நிறுத்தின. அந்தப் பட்டியலில் நெதர்லாந்தும் இருந்தது. பெட்ரோலைச் சேமிக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசு தடை செய்தது. 1973 நவம்பர் 4 அன்று முதல் 'காரில்லா ஞாயிறு' வந்தது. 1974 ஜனவரித் தொடக்கம் வரை இது நீடித்தது.

விரைவுச் சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், குழந்தைகள் உருளைச் சறுக்குச் சக்கரங்களில் பாய்ந்தார்கள். கார் இல்லாவிட்டால் தங்கள் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதைக் கண்ணால் கண்டார்கள். பழைய நிலை இனித் திரும்பாது என்று பிரதமர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாட்டு மக்களுக்கு எடுத்துரைத்தார்.

எல்லாம் எண்ணெய் நெருக்கடியால் வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. காரில்லா ஞாயிறு மேற்கு ஜெர்மனியிலும் வந்தது, சுவிட்சர்லாந்திலும் வந்தது. நெருக்கடி தீர்ந்ததும் அங்கெல்லாம் பழைய வாழ்க்கை பெரும்பாலும் திரும்பிவிட்டது. நெதர்லாந்தில் மட்டும் அந்த அதிர்ச்சி ஊன்றி நின்றதற்குக் காரணம், அங்கே நிலம் முன்னமே உழுது கிடந்தது. பெற்றோரின் கோரிக்கை தயாராக இருந்தது. அதற்குச் செவிசாய்க்கும் அரசும் 1973 மே மாதத்தில் பதவிக்கு வந்திருந்தது. விதை விழும் நேரத்தில் மழையும் பெய்தது எனலாம்.

வேகத்தின் கணக்கு

உணர்ச்சி மட்டும் உயிரைக் காப்பாற்றாது. அது செயலாக மாற வேண்டும். எந்தச் செயல் என்பதை அறிவியல்தான் சொல்ல வேண்டும். இங்கே சற்று நின்று ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு, அதாவது வர்க்கத்துக்கு, நேர் விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் காரையும் 50 கி.மீ. வேகத்தில் செல்லும் காரையும் ஒப்பிடுவோம். 30-ன் வர்க்கம் 900; 50-ன் வர்க்கம் 2,500. வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை. ஆனால் ஆற்றல் ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகிவிட்டது. வேறு விதமாகச் சொன்னால், 30 கி.மீ. வேகம் என்பது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம். 50 கி.மீ. வேகம் என்பது ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழும் வேகம்.

இன்னொரு கணக்கும் உண்டு. தெருவில் 14 மீட்டர் தொலைவில் திடீரென்று ஒரு குழந்தை வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காரோட்டி அதைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும் எனக் கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் சுமார் 8.3 மீட்டர் ஓடும். பிறகு உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் 5 மீட்டர். மொத்தம் 13.3 மீட்டர். குழந்தைக்கு முன்னால் கார் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் காரோ அந்த ஒரு விநாடியிலேயே 13.9 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் வேலை செய்யத் தொடங்கும்போது குழந்தை மீது கார் மோதும் நிலை. ஒரே தெரு, ஒரே குழந்தை, ஒரே காரோட்டி. வேகம் மட்டும்தான் வேறு.

இந்த உண்மையைத் தெருவின் அமைப்பிலேயே புகுத்த முயன்றவர்கள் டெல்ஃப்ட் நகரத்தார். 1960-களின் இறுதியில் அங்கே 'வூனெர்ஃப்' என்ற முறை தோன்றிற்று. வீட்டு முற்றம் போன்ற தெரு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் இடையே உள்ள கல் வரம்பு அகற்றப்பட்டது. தெருவில் மரங்களும் இருக்கைகளும் வைக்கப்பட்டன. பாதை வளைத்து வளைத்து அமைக்கப்பட்டது. கார் வரலாம், ஆனால் நடப்பவரின் வேகத்தில்தான் வர முடியும். 'மெதுவாகச் செல்க' என்று பலகை வைப்பது ஒரு முறை; வேகமாகச் செல்லவே முடியாதபடி தெருவை அமைப்பது வேறொரு முறை. 1976-ல் நாட்டின் சட்டமே இவ்வகைத் தெருவை ஏற்றுக்கொண்டது. 1983-ல் மணிக்கு 30 கி.மீ. எல்லை கொண்ட குடியிருப்புப் பகுதிகளை அமைக்கவும் வழி செய்யப்பட்டது.

சோதனைச் சாலைகளும் அரசியலும்

1970-களின் நடுவில் மத்திய அரசு பெரும் பங்கு செலவை ஏற்று, டில்பர்க், ஹேக் ஆகிய நகரங்களில் சோதனைக்காகச் சைக்கிள் பாதைகளை அமைத்தது. நகரின் குறுக்கே, கார்ப் பாதையிலிருந்து பிரித்து, சிவப்பு நிறத் தளத்தோடு அவை அமைந்தன.

எல்லோரும் இதை வரவேற்றுவிடவில்லை. கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடம் போய்விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஹேக் நகரக் கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுக்கும் பிழைப்புத்தானே! நகராட்சி ஒரு பக்கம், வணிகர் ஒரு பக்கம், சைக்கிளோட்டிகள் ஒரு பக்கம் என்று இழுபறி நடந்தது. ஒரு மீட்டர் அகல நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்பது பொறியாளர் மட்டும் முடிவு செய்யும் விஷயம் அன்று. அது அரசியல் முடிவு என்பதை எல்லோரும் உணர்ந்தார்கள்.

சோதனையின் முடிவு பொறியாளர்களுக்கும் பாடம் புகட்டிற்று. அருமையான ஒரு பாதையைப் போட்டதும், பக்கத்துத் தெருக்களில் சென்றவர்கள் அதற்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் சைக்கிளில் செல்வோரின் மொத்தத் தொகை அவ்வளவாக உயரவில்லை. ஏன்? வீட்டிலிருந்து அந்தப் பாதைக்கு வரவும், பாதை முடிந்தபின் பள்ளிக்குச் செல்லவும் பழைய ஆபத்தான தெருக்களையே கடக்க வேண்டியிருந்தது. சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியில்தானே இருக்கிறது! ஆகவே 1980-களில் டெல்ஃப்ட் நகரில் வலைப்பின்னலாகவே பாதைகள் அமைத்தார்கள். நகர அளவிலான பாதைகள் சுமார் அரை கிலோ மீட்டர் இடைவெளியில். பேட்டை அளவிலானவை 200 முதல் 300 மீட்டர் இடைவெளியில். குடியிருப்புக்குள் இன்னும் நெருக்கமாக. பிற நகரங்கள் இதைப் பின்பற்றின.

ஆம்ஸ்டர்டாமில் போராட்டம் சற்றுக் கடுமையாகவே இருந்தது. சுரங்க ரயில் வேலைக்காக நியூமார்க்கெட் பகுதியில் வீடுகளை இடித்தபோது, 1975 மார்ச்சில் பெரும் கலகம் மூண்டது. சுரங்க ரயில் வந்தது. ஆனால் அதற்கு மேலே போடத் திட்டமிட்ட அகலமான சாலை கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சைக்கிள்களோடு ஊர்வலம் சென்று, சாலையில் சைக்கிள்களைக் கிடத்தி அமர்ந்தார்கள். 1978 நகராட்சித் தேர்தலில், கார்களைக் கட்டுப்படுத்தும் கொள்கை கொண்டவர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதன் பிறகே நகரின் போக்குவரத்துத் திட்டம் சைக்கிளுக்குச் சாதகமாகத் திரும்பிற்று. தெருவில் எழுந்த குரல் வாக்குச் சீட்டாக மாறிய பின்புதான் சிமெண்டாகவும் செங்கல்லாகவும் மாறியது.

இழப்புக்குப் பொறுப்பு யார்?

மக்களின் எண்ண மாற்றம் சட்டத்திலும் பதிந்தது. 1994 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185 ஆம் பிரிவு இதற்கு எடுத்துக்காட்டு. மோட்டார் வாகனம் ஒரு சைக்கிளோட்டி மீதோ நடப்பவர் மீதோ மோதினால், இழப்பீட்டுப் பொறுப்பு வாகனக்காரரையே சேரும். தம்மால் எவ்வகையிலும் தடுத்திருக்க முடியாது என்று அவர் நிரூபித்தால்தான் விலக்கு உண்டு. அடிபட்டவர் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் முழு இழப்பீடு. அதற்கு மேற்பட்டவர் தவறு செய்திருந்தாலும், குறைந்தது பாதி இழப்பீடு கிடைக்கும் என்பது நீதிமன்றத் தீர்ப்புகளால் உறுதிப்பட்ட நெறி.

இதனால் காரோட்டி எப்போதும் குற்றவாளி என்று பொருளாகாது. இது தண்டனைச் சட்டம் அன்று. இழப்பை யார் தாங்குவது என்பது பற்றிய சட்டம். பணத்தைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே கொடுக்கிறது. ஒரு டன் எடையுள்ள இரும்பை ஓட்டி வருபவர், அது விளைவிக்கும் ஆபத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதன் கருத்து. குழந்தை குழந்தையாகத்தான் நடந்துகொள்ளும். சாலைதான் அதற்கேற்ப அமைய வேண்டும் என்று 1972-ல் பெற்றோர் சொன்னது இங்கே சட்ட மொழியில் வந்திருக்கிறது.

பாதை மட்டும் போதுமா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். மக்கள் மனமும் அரசியலும் எதற்கு? நல்ல பொறியாளர் ஒருவர் நல்ல பாதை போட்டால் போதாதா? இதற்கு விடை இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் கிடைக்கிறது. போருக்குப் பின் புதிதாக எழுந்த அந்த நகரில், எரிக் கிளாக்ஸ்டன் என்ற தலைமைப் பொறியாளர் நகர் முழுவதும் தனிச் சைக்கிள் பாதைகளை அமைத்தார். சாலைகளைக் கடக்கச் சுரங்க வழிகளும் இருந்தன. நெதர்லாந்து விழித்துக்கொள்வதற்கு முன்பே நடந்த வேலை இது. ஆனால் அதே நகரில் காருக்கும் அகலமான சாலைகள் இருந்தன. நிறுத்த இடம் தாராளமாக இருந்தது. காரைக் கட்டுப்படுத்தும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆகவே மக்கள் காரையே நாடினார்கள். பாதைகள் காத்துக் கிடந்தன.

சைக்கிளோட்டிகளின் தொகைக்கும் அவர்களுடைய பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பை, பீட்டர் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2003-ல் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார். பல நகரங்கள், பல நாடுகளின் கணக்கை ஆராய்ந்தபோது, சைக்கிளில் செல்வோர் இரு மடங்கானால் விபத்துகள் இரு மடங்காவதில்லை. தனி ஒருவருக்கு உள்ள ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று அவர் கண்டார். சைக்கிள்களை அடிக்கடி காணும் காரோட்டி எச்சரிக்கையாக ஓட்டுகிறார் என்பது அவர் கூறிய விளக்கம். பாதுகாப்பு இருப்பதால் பலர் வருகிறார்களா, பலர் வருவதால் பாதுகாப்பு கூடுகிறதா என்ற கேள்வி இதில் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

சாலை மரணம் குறைந்ததற்குச் சைக்கிள் பாதைகளே முழுக் காரணம் என்று சொன்னாலும் அது மிகையாகும். 1974-ல் குடித்துவிட்டு ஓட்டுவோருக்கு இரத்தத்தில் சாராய அளவின் வரம்பு விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் விரைவுச் சாலைகளில் மணிக்கு 100 கி.மீ. எல்லை வந்தது. 1975-ல் காரின் முன் இருக்கைகளில் அமர்வோர் பட்டை அணிவது கட்டாயமாயிற்று. மருத்துவ வசதியும் வளர்ந்தது. இவை எல்லாம் சேர்ந்தே 3,300 என்ற எண்ணை 2013-ல் 570 ஆக இறக்கின. ஆனால் இந்தச் சட்டங்கள் அனைத்தும் ஒரே காலத்தில், வரிசையாக வந்ததைக் கவனியுங்கள். பொறுத்துக்கொள்ளும் எல்லை கீழே இறங்கிய காலம் அது.

முடிவு பெறாத கதை

1992-ல் நெதர்லாந்தின் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒரு புதிய கொள்கையை வகுத்துத் தந்தது. மனிதன் தவறு செய்யக்கூடியவன். அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலை அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. வேகமாகச் செல்லும் இடத்தில் சைக்கிளையும் காரையும் பிரிக்க வேண்டும்; பிரிக்க முடியாத இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதன்படி நாடெங்கும் 30 கி.மீ. பகுதிகள் பெருகின. ஆம்ஸ்டர்டாம் நகரம் 2023 டிசம்பரில் தன் பெரும்பாலான தெருக்களுக்கு இந்த எல்லையை விரிவாக்கியது.

எனினும் வெற்றி நிலைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2017-ல் அந்த நாட்டில் முதன்முறையாக, காரில் இறந்தவர்களைவிடச் சைக்கிளில் இறந்தவர்கள் அதிகமானார்கள். 2022-ல் சைக்கிளில் சென்று மாண்டோர் சுமார் 290 பேர். இவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். மின் மோட்டார் பொருத்திய சைக்கிள்கள் வந்தபின், முதியவர்கள் அதிக தூரமும் அதிக வேகமும் செல்கிறார்கள். விழுந்தால் அடி பலமாகப் படுகிறது. குழந்தைகளுக்காகத் திருத்திய சாலையை இனி முதியவர்களுக்காகவும் திருத்த வேண்டிய நிலை.

1972-ல் கேட்ட அதே கேள்வி இப்போதும் நிற்கிறது: இத்தனை மரணங்களை நாம் ஏற்றுக்கொள்கிறோமா? குழந்தைகளின் சாவுக்கு 'இல்லை' என்று அந்த மக்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லை இயக்கம் தெருவுக்குக் கொண்டு வந்தது. தேர்தல் அதை நகராட்சிக்குக் கொண்டு சென்றது. பொறியாளர் அதைக் கல்லில் வைத்தார். நீதிமன்றம் அதை நெறியாக்கிற்று. இந்த வரிசையில் ஒரு படி விட்டுப் போயிருந்தாலும் 400 என்பது 14 ஆகியிருக்காது. சாலை விபத்துக் கணக்கு வெறும் எண்களின் பட்டியல் அன்று. ஒரு சமுதாயம் எதைப் பொறுத்துக்கொள்கிறது, எதைப் பொறுத்துக்கொள்ள மறுக்கிறது என்பதையும் அந்த எண்கள் நமக்குச் சொல்கின்றன.